ஊசி குத்தியது; வலிக்கவில்லை!

கொல்லிமலையில் வளர்ந்த டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்த இரவு

லண்டன் நகரம். இரவு நேரம். ஓர் அறையில் டாக்டர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கப்பலிலும் ரயிலிலும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்த களைப்பு. உடம்பும் சரியில்லை. பூட்சைக் கழற்றினார். பிறகு காலுறையை உருவினார்.

திடுக்கிட்டார்!

காலுறை குதிகாலைத் தாண்டி வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. கையால் குதிகாலைத் தடவினார். கைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

ஓர் ஊசியை எடுத்தார். கணுக்காலுக்குக் கீழே குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. வலி மட்டும் வரவில்லை!

அவருக்கு நெஞ்சு உறைந்து போயிற்று. ஏன் தெரியுமா? அவர் இந்தியாவில் பல ஆண்டுகளாகத் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்து வந்தவர். தோல் மரத்துப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரிடம் இதே ஊசிச் சோதனையை அவரே செய்திருக்கிறார். இப்போது சோதனை அவர் காலிலேயே நடந்து முடிந்திருந்தது.

அப்படியே படுக்கையில் சாய்ந்தார். மனைவி, குழந்தைகளை இனித் தொடலாமா? ஆபரேஷன் செய்ய முடியுமா? இரவு முழுவதும் கண் மூடவில்லை.

பொழுது விடிந்ததும் என்ன நடந்தது? அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் யார் என்று பார்ப்போம். அவர் நமக்கு அந்நியர் அல்ல.

மலைமேல் வளர்ந்த பையன்

நாமக்கல்லில் இருந்து பார்த்தால் கிழக்கே நீலமாகத் தெரிகிறதே, கொல்லிமலை! அங்கேதான் அவர் ஓடி விளையாடி வளர்ந்தார். அவர் பெயர் பால் பிராண்டு. பிறந்தது 1914-ல். தந்தை ஜெஸ்ஸி பிராண்டு, தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்தில் இருந்து வந்த பாதிரி ஊழியர்கள்.

இப்போது 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிறது. அன்று சாலை கிடையாது. நடக்க வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு போவார்கள். மலையில் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் ஜெஸ்ஸிதான் மருந்து கொடுப்பார்.

ஒரு நாள் தொழுநோயாளிகள் சிலர் மலையேறி வந்தார்கள். பாலையும் அவன் தங்கையையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். சிறுவன் ஒளிந்திருந்து பார்த்தான். தந்தை கையுறை போட்டுக்கொண்டு அவர்களுடைய புண்களைக் கட்டினார். வழக்கமாக அவர் கையுறை போடுகிறவர் அல்ல. அந்தப் பயம் பையன் மனத்தில் பதிந்துவிட்டது.

9 வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பின் அவரை மகன் பார்க்கவே இல்லை. தாய் ஈவ்லின் மலை மக்களை விட்டுப் போகவில்லை. 1974-ல், 95 வயதில் இறக்கும் வரை நம் மலைகளிலேயே ஊழியம் செய்தார். கணவர் அருகில் கொல்லிமலையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

பால் முதலில் கட்டட வேலை கற்றார். பிறகு டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

பூட்டைத் திறந்த சிறுவன்

செங்கல்பட்டில் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவர் பிராண்டை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார். மடங்கிப் போன கைகள்! குட்டையாகிப் போன விரல்கள்!

பிராண்டு ஒரு நோயாளியிடம், "என் கையைப் பிடித்து அழுத்துங்கள்" என்றார். நோயாளி அழுத்தினார். பிராண்டுக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது. அவ்வளவு பலம்! கை அழுகிச் செத்துப்போகவில்லை. அதற்குள் நல்ல தசை இருக்கிறது. பிறகு ஏன் விரல்கள் குறைகின்றன?

அந்தக் காலத்தில் டாக்டர்கள் பலர்கூட, தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று நினைத்தார்கள். பிராண்டு அதை நம்பவில்லை. துப்பறியும் போலீஸ்காரர் போல ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்.

ஒரு நாள் சாமான் அறையின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. பிராண்டு திருகிப் பார்த்தார். முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். பையனுக்குப் பெருமை. பிராண்டு அவன் விரலைப் பார்த்தார். சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பையனுக்கு எதுவும் தெரியாது!

அவ்வளவுதான். விடை கிடைத்துவிட்டது. நமக்கு வலிக்கும், நாம் சாவியை விட்டுவிடுவோம். அவனுக்கு வலிக்கவில்லை, அதனால் விடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. லாந்தர் விளக்கின் சூடான கண்ணாடியைத் தொட்டுக் கொப்புளம் வரும். அடுப்பில் இருந்து கிழங்கை வெறுங்கையால் எடுப்பார்கள். செருப்பில் ஆணி ஏறி இருக்கும். நாள் முழுவதும் நடப்பார்கள். இரவு முழு விரலோடு படுப்பார்கள். காலையில் விரல் நுனியைக் காணோம். எங்கே போயிற்று? கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது! தூங்குகிறவருக்கு அது தெரியவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தார்களாம்.

கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைத் தாக்குகிறது. தோலுக்கு அருகே, குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகள்தான் அதற்குப் பிடிக்கும். முழங்கையின் பின்புறம், முழங்காலின் பக்கம், கணுக்கால், முகம். அந்த நரம்பு வீங்கி, கயிறு போலக் கைக்குத் தட்டுப்படும். அதனால்தான் டாக்டர் முழங்கையைத் தடவிப் பார்க்கிறார்.

கண்ணிலும் இதே கதை. கருவிழி மரத்துப் போனால் தூசி விழுந்தாலும் இமை கொட்டாது. கண் காய்ந்து பார்வையே போகும். பிராண்டின் மனைவி மார்கரெட் கண் டாக்டர். அவர் இந்தக் கண்களைக் காப்பாற்றப் பாடுபட்டார்.

பஞ்சு, ஊசி, சுருதிக் கவை

உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பெரிய இயந்திரம் வேண்டுமா? வேண்டாம். அவர் மேஜையில் இருப்பவை: ஒரு துளி பஞ்சு, ஒரு புது ஊசி, வெந்நீரும் தண்ணீரும் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள், சங்கீதக்காரர்கள் சுருதி சேர்க்க வைத்திருப்பது போல இரண்டு கிளை உள்ள உலோகக் கவை.

முதலில் பஞ்சை நெற்றியிலோ மார்பிலோ தொட்டுக் காட்டுவார். "இதுதான் பஞ்சு. இனிக் கண்ணை மூடிக்குங்க. தொட்டா 'ம்' சொல்லுங்க."

"சரிங்க."

இந்தக் கையில் தொடுவார். அந்தக் கையில் தொடுவார். தாளம் போட்டது போல ஒரே சீராகத் தொட மாட்டார். சில சமயம் தொடாமலே சும்மா இருப்பார். நோயாளி உத்தேசமாக 'ம்' சொல்லிவிடக் கூடாது அல்லவா?

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருப்பார். பிறகு கேட்பார்: "ஏனுங்க டாக்டரய்யா, இன்னும் தொடவே இல்லீங்களா?" டாக்டர் அதற்குள் நாலு முறை தொட்டிருப்பார்!

பிறகு ஊசி. குத்திக் காயம் செய்வதற்கு அல்ல. கூர் முனையையும் மொட்டை முனையையும் மாற்றி மாற்றி வைத்து, "எது கூர்?" என்று கேட்பார். மரத்துப் போன இடத்தில் தொடங்கி நல்ல இடம் நோக்கி நகர்ந்து, எங்கே உணர்ச்சி வருகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுவார். வயலுக்கு எல்லை போடுவது போல!

அந்த எல்லையின் வடிவம்தான் கதை சொல்கிறது. ஒரு கை அகலத் தேமல் மட்டும் மரத்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். இரண்டு கால்களிலும் காலுறை போட்ட மாதிரி மரத்திருந்தால் சர்க்கரை வியாதியைத் தேட வேண்டும். தொப்புளுக்குக் கீழே எல்லாம் மரத்திருந்தால் கோளாறு காலில் இல்லை; நடு முதுகுத் தண்டில் இருக்கிறது. நம் தோல் முழுவதும் பட்டை பட்டையாகப் பிரித்து முதுகுத் தண்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தொப்புள் பட்டை, மார்பு முதுகெலும்பு நரம்புகளில் பத்தாவது.

அடுத்து சுருதிக் கவை. அதைத் தட்டினால் ஒரு விநாடிக்கு 128 முறை அதிரும். அதன் அடிக்கட்டையைக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார். "கிர்ர்" என்று அதிர்வு தெரிய வேண்டும். பிறகு கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலும் கீழும் லேசாக அசைத்து, "மேலேயா, கீழேயா?" என்று கேட்பார். இது தெரியாமல் போனவர் இருட்டில் நடந்தால் தள்ளாடுவார். கண்ணை மூடி முகம் கழுவும்போது சாய்வார். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது" என்பார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போவார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாவற்றுக்கும் நோயாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி. ஹென்றி ஹெட் என்ற லண்டன் டாக்டருக்கு இது பெரிய குறையாகப் பட்டது. 1903-ல் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கையில் ஓடும் நரம்பையே வெட்டித் தைக்கச் சொன்னார்! மரத்த கையில் உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று, நண்பர் ரிவர்ஸ் என்பவரைக் கொண்டு சுமார் 4 ஆண்டுகள் சோதித்துக் குறித்து வைத்தார். துணிச்சல்காரர்தான். ஆனால் யாரும் பின்பற்ற வேண்டியதில்லை!

இரண்டு சாலைகள்

பஞ்சு ஒன்று போதாதா? ஊசி எதற்கு, கவை எதற்கு?

காரணம் இருக்கிறது. காலில் இருந்து மூளைக்குச் செய்தி போக இரண்டு சாலைகள் உண்டு. வலியும் சூடு குளிரும் ஒரு சாலை. அதிர்வும், மூட்டு எந்தப் பக்கம் அசைகிறது என்ற செய்தியும், நுட்பமான தொடு உணர்ச்சியும் இன்னொரு சாலை.

நாமக்கல்லில் இருந்து சேலத்துக்கு இரண்டு லாரிகள் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரி புறப்பட்ட உடனே சாலையின் எதிர்ப் பக்கத்துக்கு மாறி, அந்தப் பக்கமாகவே போகிறது. மற்றது தன் பக்கத்திலேயே போய், சேலம் நெருங்கிய பிறகுதான் பக்கம் மாறுகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

வலிச் செய்தி முதல் லாரி. முதுகுத் தண்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப் பக்கம் மாறிவிடும். அதிர்வுச் செய்தி இரண்டாவது லாரி. கழுத்துக்கு மேலே, மண்டையின் அடிப்பாகம் வரை போய்த்தான் பக்கம் மாறும். அதனால் வலது கால் செய்தி எல்லாம் கடைசியில் இடது மூளைக்குப் போய்ச் சேருகிறது.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். விபத்தில் ஒருவருக்கு முதுகுத் தண்டின் வலது பாதி மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது. அவருக்கு வலது கால் அசையாது. கவையின் அதிர்வும் அதில் தெரியாது. ஆனால் ஊசி குத்தினால் வலிக்கும். இடது கால் நன்றாக அசையும். ஆனால் ஊசி குத்தினால் வலிக்காது! பிரௌன் செக்கார் என்ற டாக்டர் 19-ஆம் நூற்றாண்டில் இதை விளக்கினார். இரண்டு சாலைகளையும் தனித்தனியே சோதித்தால்தான் எந்த இடத்தில் பாலம் உடைந்தது என்று தெரியும்.

வேகமும் ஒன்றல்ல. கல்லில் கால் இடித்துக்கொண்டால் கவனித்துப் பாருங்கள். இடித்தது முதலில் தெரியும். 'சுரீர்' என்ற வலி அடுத்தது. பிறகுதான் 'விண் விண்' என்ற வலி. தொடு செய்தி விநாடிக்கு சுமார் 50 மீட்டர் ஓடும். அந்தக் கடைசி வலியோ விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வரும்.

இன்னொரு அதிசயம். கால் கட்டைவிரலில் இருந்து மண்டை அடி வரை அதிர்வுச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு, நடுவில் ஒட்டுப் போட்டது அல்ல. ஒரே உயிரணு! ஓர் ஆள் உயரத்துக்கு ஓர் உயிரணு. இவ்வளவு நீளமானதைப் பராமரிப்பது கஷ்டம். அதனால்தான் உடம்பில் சர்க்கரை ஏறினால் நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. கால் விரலில் ஆரம்பித்து மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வரும்போதுதான் கைவிரல் நுனி மரக்கத் தொடங்கும்.

விடிந்தது

லண்டன் அறையில் டாக்டர் பிராண்டை விட்டுவிட்டு வந்தோம். இனி அங்கே போவோம்.

பொழுது விடிந்தது. அவர் எழுந்தார். மீண்டும் ஊசியை எடுத்தார். குதிகாலில் குத்தினார்.

கத்திவிட்டார்!

வலித்தது! சுரீர் என்று வலித்தது! நீண்ட ரயில் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி, தற்காலிகமாக மரத்திருந்தது. அவ்வளவுதான். ஊசி குத்தியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அதன்பின் வேலூருக்குத் திரும்பி முன்னிலும் தீவிரமாக உழைத்தார். மடங்கிய விரல்களை நிமிர்த்த நல்ல தசைநாரை மாற்றித் தைத்தார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். வலி தெரியாத கால்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும் என்று அதற்கும் ஆராய்ச்சி நடந்தது. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தருகிறார்களே, அந்த வகைதான். 1960-களின் நடுவில் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தார். வேலூரில் பார்த்த அதே புண்! 2003-ல் காலமானார்.

நம் ஊர்க் கால்கள்

தொழுநோய்க்கு இன்று பயப்பட வேண்டியதில்லை. 1982 முதல் கூட்டு மருந்து உண்டு. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் சமீப ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். வெளுத்த தேமல், அரிப்பு இல்லை, தொட்டால் தெரியவில்லை என்றால் மறைக்காமல் காட்ட வேண்டும். மறைப்பதற்குக் காரணம் வெட்கம். சட்டமே அப்படித்தான் இருந்தது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவை 2019-ல்தான் நீக்கினார்கள்!

இப்போது பெரிய ஆபத்து சர்க்கரை. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் என்னென்ன தொழில் செய்கிறோம்? சவ்வரிசி ஆலைக் களத்தில், கொதிக்கும் சிமெண்டுத் தரையில் நடக்கிறோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நெருப்போடு பழகுகிறோம். கடலைக் காட்டில் வெறுங்காலோடு இறங்குகிறோம். சீமைக் கருவேல முள் அங்கே காத்திருக்கிறது. லாரி ஓட்டுகிறவர் நாள்கணக்கில் செருப்பைக் கழற்றிக் காலைப் பார்ப்பதில்லை. கோடையில் கோயில் பிராகாரத்தை உச்சி வெயிலில் சுற்றி, இரண்டு பாதமும் வெந்து கொப்பளித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

'வலியே இல்லை டாக்டர்' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அதுதான் வியாதி! காலைப் பார்க்காமல் சீட்டு மட்டும் எழுதி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழையை வைத்துப் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அந்த அழுத்தம்கூடத் தெரியாத பாதத்துக்கு முள்ளும் ஆணியும் தெரியாது.

பேரன் செய்யலாம்

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் ஏற்படுத்தியது. செலவு இல்லை.

பாட்டி கட்டிலில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். எந்தக் கால் வலது, எந்தக் கால் இடது என்று முன்பே தட்டிக் காட்டிவிடவும். பேரன் தன் ஆள்காட்டி விரல் நுனியால் பாட்டியின் கால்விரல் நுனியை, இறகு போல, ஒன்று இரண்டு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது. தடவக் கூடாது. தெரிந்தால் பாட்டி "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும்.

முதலில் வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல். பிறகு இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல். கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு. ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் தொடலாம். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கக் கூடாது. தெரியவில்லை என்றே எழுதிக்கொள்ளவும்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போகவும். "எனக்கு ஒண்ணும் வலிக்கலியேடா சாமி" என்று பாட்டி சொன்னாலும் விட வேண்டாம்.

சோதனையின் நடுவே பாட்டி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தால் கோபிக்காதீர்கள். அந்த விரலுக்கு முழு மார்க்கு போடலாம்!